கண் செய்கிறவரின் சாட்சி

மேசையின் மேல் இழுப்பறையைத் திறந்தால் நாற்பது கண்கள் ஒரே சமயத்தில் மேலே பார்க்கும். புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் பின்வாங்குவார்கள். அவர் அதைக் கவனிக்காதவர்போல இழுப்பறையை மூடிவிட்டு, உட்காருங்கள் என்பார்.

கண் போனவர்களுக்குப் பொய்க்கண் செய்து பொருத்துவது அவர் தொழில். முப்பது வருஷமாக அதே அறை, அதே ஜன்னல். தெருவில் அவரைக் கண்ணுக்காரர் என்றார்கள். ஞாயிறுதோறும் ஜெபத்துக்குப் போகும் சபையிலும் அதே பெயர்தான். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது, அது ரசீதில் மட்டும் வரும்.

ஒரு கண்ணுக்கு மூன்று நாள். முதல் நாள் கண்குழியின் அச்சை எடுத்து மெழுகில் வார்த்துப் பார்ப்பார். இரண்டாம் நாள் காலை வெளிச்சத்தில் ஆளை ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்து, நல்ல கண்ணைப் பார்த்துக் கருவிழியை வரைவார். சட்டைப் பொத்தான் அளவு வட்டம். அதில் பழுப்பு என்று நாம் சொல்லும் ஒரு நிறத்துக்கு அவர் ஏழு நிறம் எடுப்பார். வரைந்ததன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால்தான் மேலே பிளாஸ்டிக் மூடியபின் எப்படித் தெரியும் என்று பிடிபடும். வெள்ளைப் பகுதியில் நரம்புக்குச் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து இழை இழையாக ஒட்டுவார். மூன்றாம் நாள் மெருகு, பொருத்தம்.

வரையும்போது அவரிடம் ஒரு சட்டம் உண்டு: யாரும் பேசக்கூடாது. பேச்சு சூடானால் கண்ணின் நடுவிலிருக்கும் கறுப்புப் புள்ளி, அந்தக் கண்மணி, விரிந்துவிடும். அப்போது அளவெடுத்தால் அளவு பிசகும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. எந்தக் கண்ணையும் அதன் குறையைச் சொல்லாமல் அவர் கையைவிட்டு அனுப்பியதில்லை. சின்னத் துண்டுக் காகிதத்தில் எழுதி டப்பாவுக்குள் வைத்துவிடுவார். 'இடப்பக்கம் பார்க்கையில் சற்றுப் பின்தங்கும்.' 'வெயிலில் நிறம் ஒரு மாற்று குறைவாகத் தெரியும்.' வாசல் மேசையில் உட்கார்ந்து ஆட்களை வரிசைப்படுத்தும் மனைவிக்கு இது பிடிக்காது.

"தன் கத்தரிக்காயைச் சொத்தைன்னு கூவி விக்கிறவர் இந்த உலகத்துல இவர் ஒருத்தர்தான்" என்பாள். ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் மறுபடியும் வந்தார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

மனிதன் வேறொரு பிராணியிலிருந்து படிப்படியாக வந்தான் என்பதை அவர் ஒத்துக்கொண்டதில்லை. படிக்காதவரும் இல்லை. அந்தப் பாடத்தைப் பள்ளியில் படித்து, பரீட்சையில் சரியாக எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவர். எழுதியது வேறு, நம்பியது வேறு. கேட்டால் தொழிலைக் காட்டுவார். பார்க்காத கண்ணைச் செய்யவே மூன்று நாளும் ஒரு மனிதனும் வேண்டும், பார்க்கிற கண் தானாக வந்ததா என்பார். மனைவிக்கு இந்த வழக்கில் எந்தக் கட்சியும் கிடையாது. "மனுஷன் குரங்குலேர்ந்து வந்தானோ மண்ணுலேர்ந்து வந்தானோ, வந்தவன் காலைக் கழுவிட்டு உள்ள வந்தாச் சரி" என்பது அவள் தீர்ப்பு.

அவர் வளர்ந்தது ஒரு பிள்ளைகள் இல்லத்தில். ஒரு திங்கட்கிழமை காலை அதன் வாசலில் கிடந்தார். அதனால் பிள்ளைகள் அவரைத் திங்கக்கிழமை என்று கூப்பிட்டார்கள். நோகடிக்க வைத்த பெயர் இல்லை, விளையாட்டுதான். சமையல்காரம்மா நல்லவள், இரண்டாம் முறையும் சோறு போடுவாள். ஆனால் புதிதாக யாராவது இவன் யார் பிள்ளை என்று கேட்டால், "யாரோ மறந்து வச்சுட்டுப் போனது" என்பாள், குடையைச் சொல்வதுபோல. இருபத்திரண்டு வயதில் மழைக்கு ஒதுங்கியபோது ஒரு ஜெபக்கூட்டத்தின் வாசலில் நின்றார். உள்ளேயிருந்து போதகர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அன்றைக்குச் சொன்ன செய்தியில், தாயின் வயிற்றில் உருவாகும் முன்பே ஒருவன் எண்ணப்பட்டிருக்கிறான் என்று ஒரு வரி வந்தது. அவர் அந்த வரியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். வீடு என்று அப்போது ஒன்றும் இல்லை, கட்டில் வாடகைக்கு எடுத்திருந்தார்.

சபையில்தான் பெண் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தார்கள். மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது பதினெட்டு நாளும் யாராவது ஒருவர் முறைபோட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் பண்டிகை நாளில் செருப்பு வைக்க இடமில்லாமல் போனது அவர்களால்தான். முப்பத்து நான்கு வருஷமாக அவர் வாரம் தவறாமல் கூடத்தில் நாற்காலி போட்டு, ஒலிபெருக்கியைச் சரிபார்த்து, கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கினார். மேடையேறிப் பேசியதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அந்த வருஷம் கேட்டார்கள். மாதக் கடைசி ஞாயிறு வெளியூர்ச் சபைகளிலிருந்து விருந்தினர் வருகிறார்கள், படைப்பைப் பற்றிய சிறப்புக் கூட்டம், நீங்கள் மேடையேறி உங்கள் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்றார் போதகர். நான்கு வாக்கியம் எழுதியும் கொடுத்தார். முப்பது வருஷமாகக் கண் செய்கிறேன். பார்க்கும் கண் ஒன்றைக்கூட என்னால் செய்ய முடியவில்லை. குறையே இல்லாத இந்தக் கருவி தானாக வந்திருக்க முடியாது. செய்தவர் ஒருவர் இருக்கிறார். அவ்வளவுதான். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பல் துலக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தார். மனைவி வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டிவைத்தாள்.

அதே வாரத்தில்தான் டீச்சர் வந்தாள். நாற்பது வயது இருக்கும். உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லித்தருகிறவள். மூன்று வருஷத்துக்கு முன் ஆய்வுக்கூடத்தில் குடுவை வெடித்து இடது கண் போய்விட்டது. கடையில் வாங்கிய கண்ணைப் போட்டிருந்தாள். வேறு யாரோ அவள் முகத்தின் வழியாகத் தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல இருந்தது.

இரண்டாம் நாள் காலை அவளை ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்துத் தூரிகையை எடுத்தார். பேசக்கூடாது என்று சொன்னவரும் அவர்தான், பேச்சை ஆரம்பித்தவரும் அவர்தான். அந்த நான்கு வாக்கியங்களைப் படித்த ஒருவரிடம் சொல்லிப் பார்க்கும் ஆசை. சொன்னார். அவள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, முதல் இரண்டும் சரி, மூன்றாவதில்தான் இடிக்கிறது என்றாள்.

வாதம் பிடித்துக்கொண்டது. ஒளி பட்டால் கூசும் ஒரு துண்டுத் தோலில் தொடங்கி, கொஞ்சம் குழிந்து, இன்னும் குழிந்து, எத்தனையோ கோடித் தலைமுறையில் கண் வந்த கதையை அவள் சொன்னாள். அவர் தூரிகையை நிறுத்தாமலே கேட்டார்.

"முப்பது வருஷத்துல நாலு தடவை இந்தத் தட்டைக் கை தவறிக் கீழ போட்டிருக்கேன் டீச்சர். சாயம், நூல், பிளாஸ்டிக் மாவு எல்லாம் ஒண்ணாக் கலந்துச்சு. ஒரு தடவைகூடக் கண்ணா எழுந்திரிக்கலை."

"எழுந்திரிக்காதுதான். உங்க தட்டு குட்டி போடாதே ஐயா."

வாசல் மேசையிலிருந்து மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. அவருக்கும் சிரிப்பு வந்தது. மதியம்வரை வாதம் ஓடியது. இத்தனை இன்பமாக அவர் எந்தக் கருவிழியையும் வரைந்ததில்லை.

மூன்றாம் நாள் பொருத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நிறம் அச்சு அசல். நரம்பு அச்சு அசல். ஆனால் டீச்சர் அமைதியாக உட்கார்ந்திருந்தாள், இடது கண் மட்டும் அமைதியாக இல்லை. கண்மணி விரிந்து, அடுத்த பதிலுக்குக் காத்திருந்தது. வாதாடும் பெண்ணின் கண்ணை அளவெடுத்திருக்கிறார். முப்பது வருஷத்தில் கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர் ஒரு கண்ணுல சும்மா இருக்காங்க, இன்னொரு கண்ணுல உங்களோட சண்டை போடறாங்க" என்றாள்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். வேறு செய்து தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம் என்றார். டீச்சர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதையும் வைத்துக்கொள்கிறேன், கடைசி பெஞ்சைப் பார்க்க இந்தக் கண்தான் சரி என்றாள்.

மறுநாள் காலை இரண்டாவது கண்ணுக்கு உட்கார்ந்தபோது அவர் சட்டத்தைக் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு வார்த்தை கூடாது. அவள் தலையாட்டினாள். அவர் வரைந்து முடித்து, தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்த்து நிமிர்ந்தபோது, அவள் மேசைமேல் ஒரு காகிதத்தை நகர்த்தினாள். வாயைத்தானே மூடச் சொன்னார்.

காகிதத்தில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறி, நான்கு விரல் தள்ளி வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி. கீழே எழுதியிருந்தாள்: இடது கண்ணை மூடுங்கள். வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பாருங்கள். காகிதத்தை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.

அவர் அப்படியே செய்தார். முகத்திலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் புள்ளி காணாமல் போனது. மங்கவில்லை, தேயவில்லை. இருந்த இடத்தில் வெறும் காகிதம் இருந்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினார், வந்துவிட்டது. காகிதத்தில் ஏதோ சூட்சுமம் என்று நினைத்து, தானே வேறொரு காகிதத்தில் வரைந்து பார்த்தார். போனது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளுக்கும் போனது.

"உங்களுக்கும் போகுது, எனக்கும் போகுது. அப்பப் பொதுக் கோளாறுதான். கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் வாசலுக்குப் போனாள்.

டீச்சர் விளக்கினாள். கண்ணுக்குள் பார்க்கிற சவ்வு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து சேதி கொண்டுபோகிற நரம்பெல்லாம் சவ்வுக்குப் பின்னால் ஓடாமல் முன்னால் ஓடுகின்றன. பிறகு எல்லாம் ஒரு கற்றையாகச் சேர்ந்து சவ்வைத் துளைத்துக்கொண்டு வெளியே போகின்றன. துளைத்த இடத்தில் பார்வை கிடையாது. கடலில் எட்டுக் கைப் பிராணி ஒன்று இருக்கிறதே, அதன் கண்ணில் நரம்பு பின்னாலேயே ஓடுகிறது, அதற்கு இந்த ஓட்டை இல்லை.

"புதுசா உக்காந்து ஒருத்தர் செய்யறார்னா இப்படிச் செய்வாரா? நீங்க செய்வீங்களா ஐயா?"

அவர் யோசித்தார். தொழிலில் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"செய்யமாட்டேன்."

"இருந்ததை வச்சு ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வந்தா இப்படித்தான் இருக்கும். ரெண்டு கண் இருக்கறவங்களுக்கு ஒண்ணு விடறதை இன்னொண்ணு பிடிச்சுக்கும். எனக்கு அந்த வசதி இல்லை. எந்நேரமும் எங்கேயோ ஒரு புள்ளி எனக்குக் காணாமப் போய்க்கிட்டேதான் இருக்கு."

குறை சொல்லும் குரலில் அவள் இதைச் சொல்லவில்லை. அவர் தூரிகையைக் கழுவினார். கழுவியதையே மறுபடியும் கழுவினார்.

"அப்ப யாரும் வேணும்னு செய்யலை. அப்படித்தானே டீச்சர்?"

அவள் காகிதத்தை மடித்தாள். "யாரும் வேண்டாம்னும் சொல்லலையே" என்றாள்.

நல்ல மனசோடு சொன்ன பதில். ஆனால் வேண்டாமென்று ஒருவர் ஒரு வாசலில் வைத்துவிட்டுப் போனது உண்டு என்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்து மூன்றாவது வாக்கியத்தைப் படித்தார். குறையே இல்லாத இந்தக் கருவி. அதைப் படிக்கும்போதெல்லாம் இப்போது காகிதத்தில் ஒரு புள்ளி மறைந்தது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டால் என்ன என்று பார்த்தார். விட்டால் வாக்கியம் நொண்டியது. சொல்லவே மாட்டேன் என்று போதகரிடம் போய்ச் சொல்லலாம். முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறார்கள். ஓட்டை இருக்கிறது என்று வெளியூர்க்காரர் முன்னால் சொன்னால், அப்புறம் அந்தக் கூடத்தில் தனக்கு இடம் இருக்குமா? அந்தக் கூடத்தைவிட்டால் அவருக்கு உறவு என்று மனைவி ஒருத்திதான்.

மனைவியிடம் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சொல்லாம விட்டா அங்க யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சீட்டு எழுதுகிற ஆளிடம் போய்க் கேட்டேனே என்று முனகிக்கொண்டு கையைத் துடைத்தாள். வாடிக்கைக்காரர்களுக்குத் தேதி எழுதிக்கொடுக்கும் அட்டைக் கட்டை எடுத்துவந்து, பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்றாள். அவர் பெருக்கல் குறி போட, அவள் புள்ளி வைத்தாள். அறுபது அட்டை. புள்ளி வைப்பதில் அவள் கை அவர் கையைவிடத் திடம்.

"இதுக்கா சட்டையைத் தேய்ச்சேன்" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

ஞாயிறன்று கூடம் நிறைந்திருந்தது. வழக்கம்போல் அவரே நாற்காலி போட்டார். முதல் வரிசையில் விருந்தினர், நடுவில் வெளியூர்ப் பெரிய போதகர். இவர் பெயரைக் கூப்பிட்டதும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் இருந்துவிட்டார். ரசீதில் மட்டும் வரும் பெயர். மேடையேறினார். முதல் இரண்டு வாக்கியங்களைச் சொன்னார். ஆமென் என்றார்கள். மூன்றாவதற்குப் பதில், அட்டைகளை வரிசையாகக் கைமாற்றச் சொன்னார்.

எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொன்னார். அறுபது பேர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அட்டையை முன்னும் பின்னும் ஆட்டினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பின்வரிசையில் தையல்காரர், "போச்சு, காணோம்" என்றார். அங்கங்கே சிரிப்பு. எனக்குப் போகவில்லையே, இன்னும் கிட்டக் கொண்டுவா, நீ குறியைப் பார்க்காமல் புள்ளியைப் பார்க்கிறாய் என்று கூடமே ஒருவருக்கொருவர் சொல்லித்தர ஆரம்பித்தது. பெரிய போதகர் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"நான் குடுக்கற கண்ணுல என்ன குறைன்னு எழுதிக் குடுப்பேன், உங்களுக்குத் தெரியும்" என்றார் அவர். "இது நல்ல கண்ணோட குறை. எல்லாருக்கும் இருக்கு. ஏன்னு எனக்குத் தெரியலை. ஒரு டீச்சர் காரணம் சொன்னாங்க. பதில் சொல்ல முடியலை. ஆனா அதை ஏத்துக்கவும் முடியலை."

ஒலிபெருக்கி லேசாக இரைந்தது. பழக்கத்தில் அதைத் தட்டிச் சரிசெய்தார்.

"யோசிச்சுப் பாத்தேன். நான் நம்பறது கண்ணைப் பாத்து இல்லை. என்னை ஒரு வாசல்ல வச்சுட்டுப் போயிட்டாங்க. யாரோ மறந்து வச்சதுன்னு சொல்லித்தான் வளந்தேன். இங்க வந்தப்போ, இல்லை, உன்னை வேணும்னுதான் செஞ்சிருக்குன்னு சொன்னாங்க. நாற்காலி போட்டாங்க. தானா வந்ததுன்னு யாராவது சொன்னா எனக்கு மறுபடியும் அந்த வாசல் ஞாபகம் வருது. அதான் காரணம். கண்ணு சும்மா பேச்சுக்கு."

 இறங்கி வந்துவிட்டார். யாரும் கை தட்டவில்லை, ஆமென்னும் வரவில்லை. மனைவி மட்டும் பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்தார். பெரிய போதகர் எழுந்து ஒருமணி நேரம் பேசினார். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் இல்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின் நாற்காலிகளை அடுக்கினார். போதகர் விருந்தினரை வழியனுப்பப் போனவர் திரும்பி வரவில்லை.

திங்கட்கிழமை அவர் வேலை செய்தார். சரியாகத் தூக்கமில்லாததால் நூல் இரண்டு முறை அறுந்தது. டீச்சர் வந்து இரண்டாவது கண்ணைப் போட்டுக்கொண்டு போனாள். இப்போது முகம் ஒரே ஆளின் முகமாக இருந்தது. ஏற்றுக்கொண்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். நானும்தான் என்றாள். சீட்டில் அவர் எழுதியிருந்த குறையைப் படித்துவிட்டு, டப்பாவைக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போதகர் பட்டறைக்கு வந்தார். எழுபது வயதுக்குப் படியேறிய மூச்சு வாங்கியது. ஆட்கள் உட்காரும் நாற்காலியில், ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவருகே நின்றாள்.

வந்தவர்களுக்கு வருத்தம் என்றார் போதகர். எழுதிக்கொடுத்தது ஒன்று, சொன்னது ஒன்று. சபைக் குழு கூடிப் பேசியது. இனி மேடையில் பேசக் கண்ணுக்காரரைக் கூப்பிட வேண்டாமென்று முடிவு. அவர் சரி என்றார். வேறென்ன முடிவு என்று கேட்காமல் தூரிகைகளை வரிசையாக வைத்தார். போதகரும் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்தார். மேசைமேலிருந்த மெழுகு வார்ப்பை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். ஓரம் நைந்திருந்தது.

"தம்பி, வலது கண்ணுக்கு நீங்க சொன்னபடியே போகுது. இடது கண்ணுக்குப் போகமாட்டேங்குது. ரெண்டு நாளாப் பாக்கறேன். அதுல ஏதாவது கோளாறா?"

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்றார்.

அவர் எழுந்து போய்ப் போதகரின் பின்னால் நின்றார். வலது கண்ணைப் பொத்தச் சொன்னார். இடது கண்ணுக்குக் குறியைப் பார்க்கக் கூடாது, புள்ளியைப் பார்க்க வேண்டும், குறிதான் மறையும் என்றார். அட்டை பிடித்த கையோடு தன் கையையும் சேர்த்து அட்டையை மெதுவாக நகர்த்தினார்.

"இருக்கு. இருக்கு" என்றார் போதகர். "ஆ. போயிடுச்சு."

"அப்ப ஒரு குறையும் இல்லை, பாஸ்டர். எல்லாரையும் மாதிரிதான்."

போதகர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இன்னும் இரண்டு தடவை தானே செய்து பார்த்துக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, வருகிற ஞாயிறு ஒரு கல்யாணத்தைச் சபையில் அறிவிக்கும் ஓலை வாசிக்க இருக்கிறது, இரு வீட்டாரும் வருவார்கள், இருபது நாற்காலி அதிகம் வேண்டும், அரைமணி முன்னாலேயே வந்துவிடுங்கள் என்றார்.

"முக்கால் மணி முன்னாடியே வந்துடுவார்" என்றாள் மனைவி. "நீங்க படியைப் பாத்து இறங்குங்க."